மங்குஸ்தான் விதை காய்ந்தால் போச்சு: மதுரைப் பக்கம் கன்று போடும் முறை

மதுரை வெயிலுக்கு மங்குஸ்தான் முளைக்காது என்பார்கள். முளைப்புக்குச் சூடு நல்லதுதான். விதை சாவது காய்ந்துபோவதால். முளைத்த கன்றைக் கொல்வது போர்த் தண்ணீரும் ஆடிக்காற்றும்.

மங்குஸ்தான், ரம்புட்டான், முட்டைப்பழம் மூன்றும் ஈரத்தில்தான் உயிர் பிடித்திருக்கும். கத்தரி விதை போலக் காயவைத்துப் பொட்டலம் கட்ட முடியாது. பழத்திலிருந்து எடுத்த ரம்புட்டான் கொட்டை ஒரு வாரம் தாண்டுவதே அபூர்வம். ஆகவே தபாலில் வரும் காய்ந்த விதைப் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். முள்சீத்தா இந்த வகையில் சேராது, அதன் விதை சில மாதம் தாங்கும்.

குற்றாலச் சீசனில் மாட்டுத்தாவணிக்கும் பழம் வந்துவிடும். குளிர்பெட்டியில் கிடந்தது வேண்டாம், குளிர் பட்டால் கரு செத்துவிடும். மங்குஸ்தானின் அடியில் பூப்போல் இருக்கும் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரியும். அவற்றில் பெரிய ஒன்றிரண்டில்தான் திரண்ட கொட்டை இருக்கும். ஒரு கிராமுக்குக் குறைந்த சோணிக் கொட்டை முளைத்தாலும் தேறாது.

சதையை நீக்கும் வேலையை அன்றைக்கே தொடங்க வேண்டும். ஒட்டியிருந்தால் எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும். ரம்புட்டானை ஆற்று மணலில் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மங்குஸ்தான் சதை லேசில் விடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு முறை தண்ணீர் மாற்றி, விரலால் உருவி எடுங்கள். முட்டைப்பழக் கொட்டையின் வழவழப்பான ஓட்டைக் கவனமாக உடைத்து நீக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஓட்டோடு போட்டால் மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும்.

மண் கலவை: தேங்காய்நார்க் கழிவு 2 பங்கு, செம்மண் 1, மணல் 1. நார்க்கழிவில் உப்பு இருக்கும், மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். கரிசல் மண் கூடவே கூடாது. மங்குஸ்தானின் ஆணிவேர் நேரே கீழே ஓடும், பக்கவேர் சொற்பம். அதனால் ஓரடி ஆழமான பையிலேயே நேரடியாக ஊன்றிவிடுங்கள். பிடுங்கி நட்டால் பிழைக்காது.

கொட்டையைப் படுக்கவைத்து 2 செ.மீ. மண் மூடி, நிழல்வலைக்கு அடியில் வையுங்கள். ரம்புட்டான் 9 முதல் 25 நாளில் எட்டிப் பார்க்கும். மங்குஸ்தானுக்கு மூன்று முதல் ஆறு வாரம். அதில் ஒரு வேடிக்கை: ஒரு முனையில் வேர் விடும், எதிர் முனையில் குருத்து வரும். பிறகு குருத்தின் அடியிலேயே புது வேர் கிளம்பி, முதல் வேர் வாடிவிடும். அழுகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குருத்தின் அடி மண்ணுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனித் தண்ணீர். போர்த் தண்ணீர் ஊற்றிய பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். இலை நுனி கருகும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் காரத் தன்மையால் இரும்பு கிடைக்கவில்லை. அதற்கு இடிடிஏ (EDTA) கலந்த இரும்பு உரம் வாங்காதீர்கள், கார மண்ணில் அது நிற்காது. இடிடிஎச்ஏ (EDDHA) வகையே வேலை செய்யும். ஐப்பசி மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துக் கன்றுக்கென்றே ஒதுக்கினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். அதே மழையில் பை நீர் கோத்தால் தண்டு அடியில் அழுகிச் சாயும், அடி ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடிக்காற்று இளம் இலையை ஒரே பகலில் சருகாக்கும். வலையைத் தலைக்கு மேல் கட்டினால் போதாது, மேற்குப் பக்கமும் தொங்கவிடுங்கள். சோழவந்தான் கொடிக்கால் மாதிரி நிழலும் ஈரமும் உள்ள இடம் வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

விதை ரம்புட்டானில் ஏறக்குறைய பாதி ஆண் மரம், காய்க்காது. விதைக் கன்றை ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மங்குஸ்தானுக்கு அந்தக் கவலை இல்லை, விதையும் தாய் மரத்தின் அச்சாகவே வரும். ஆனால் இரண்டு வருடத்தில் ஓரடி வளர்ந்தாலே பெரிது. காய்க்க எட்டு, பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். நிலத்தில் நடுவதாக இருந்தால் வெட்டவெளி வேண்டாம், தென்னைக்கும் வாழைக்கும் நடுவில் வையுங்கள்.