மாடல் ரயில்: அளவோடு அடிப்பக்கத்தையும் பாருங்கள்

மாடல் ரயில் அளவுகளில் ஹெச்ஓ (1:87, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), பிரிட்டிஷ் ஓஓ (1:76) இரண்டும் ஒரே 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் என்பதால், இரண்டையும் சேர்ப்பவர்களுக்குத் தனிப் பாதை தேவையில்லை. ஆனால் ஒரே வண்டியில் கலந்து கோக்காதீர்கள். ஓஓ பெட்டி பெருத்துத் தெரியும், அழகே போய்விடும்.

ஜெர்மன் நிறுவனமான மெர்க்லினின் ஹெச்ஓ வாங்கும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். அகலம் அதேதான். ஆனால் பாதையின் நடுவில் இருக்கும் உலோகப் புள்ளிகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் வகை அது. பழைய எஞ்சின் கையில் கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்: அடியில் நீளமான உலோகப் பட்டை இருக்கிறதா? இருந்தால், இரு தண்டவாளங்கள் வழியே மின்சாரம் வரும் சாதாரணப் பாதையில் வைக்காதீர்கள். இருபக்கச் சக்கரங்களுக்கும் இடையே இன்சுலேஷன் இல்லாததால் உடனே ஷார்ட் ஆகும்.

இன்னும் சிறிய அளவான இசட் (1:220) எஞ்சினுக்கு ஹெச்ஓவின் 12 வோல்ட் கண்ட்ரோலர் வேண்டவே வேண்டாம். அந்தக் குட்டி மோட்டார் 8 முதல் 10 வோல்ட்டுக்கானது.