கறுத்துப்போன கோப்பைகளைத் துலக்குவது எப்படி? (புளியை ஊறவைக்கும் முன் படிக்கவும்)

அப்பா கல்லூரி நாட்களில் வாலிபால் ஆடி வாங்கிய கப்புகள் ஏழு. முப்பது வருடத்துக்கும் மேலாக ஷோகேஸ் மேல்தட்டில் நின்றவை. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க இறக்கியபோது, பித்தளைக் கப்பு ஒன்றில் கறுப்புக் கோடுகள் சிலந்தி வலை மாதிரி ஓடியிருந்தன. குத்துவிளக்கு துலக்குகிற நினைப்பில் புளியைக் கரைத்து அப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவினேன். கோடுகள் இருந்த இடம் மட்டும் பளிச். மற்ற இடமெல்லாம் அதே மங்கல் மஞ்சள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

அதைச் சரிசெய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நீங்கள் அதே குழியில் விழ வேண்டாம்.

1. என்ன உலோகம் என்று பாருங்கள்

தட்டிப் பார்த்தால் 'டொக்' என்று கேட்டு, கையில் லேசாக இருந்தால் பிளாஸ்டிக் மேல் பூசிய பளபளப்பு. ஈரத்துணியால் துடைத்து வைத்துவிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். அடியில் 'ஈபிஎன்எஸ்' (EPNS) என்ற முத்திரை இருந்தால் ஜெர்மன் சில்வர் மேல் வெள்ளி முலாம். ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். மேலே இருக்கிற மெல்லிய படலம் மட்டுமே வெள்ளி. அழுத்தித் தேய்த்தால் போயே போச்சு.

2. கழற்றுங்கள்

பீடத்தைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் துணியை மெதுவாக உரித்தால் நட்டு தெரியும். துருவேறி இருந்தால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, இரவு முழுக்க விடுங்கள். ஸ்பேனர் போடும்போது கப்பின் காம்பை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து காம்பும் முறுக்கிக்கொள்ளும். எது மேல் எது இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

3. நான் சறுக்கிய இடம்: மேல்பூச்சு

நம் வீட்டுக் குத்துவிளக்குக்கும் கப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பித்தளைக் கப்புகளில் பலவற்றுக்குப் பட்டறையிலேயே நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசிவிடுவார்கள். லேக்கர் என்பது அதன் பெயர். காற்று படாதவரை பித்தளை கறுக்காது. வருடங்கள் போகப்போக அந்தப் பூச்சு விரிசல் விடும். விரிசல் வழியாகக் காற்று நுழைந்த இடம் மட்டும் கறுக்கும். நான் பார்த்த சிலந்தி வலை அதுதான். புளி வேலை செய்ததும் அந்த விரிசல்களில் மட்டும்தான். பூச்சு மிச்சமிருந்த இடத்தில் புளி உலோகத்தைத் தொடவே இல்லை.

பூச்சு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். மறைவான இடத்தில் பிராசோ (பித்தளை பாலிஷ்) தொட்ட பஞ்சால் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் வெறும் உலோகம். பஞ்சு அப்படியே இருந்தால் மேலே பூச்சு இருக்கிறது.

பூச்சு நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விரிசல் விட்டிருந்தால் மொத்தத்தையும் எடுத்தே ஆக வேண்டும், பாதியில் நிறுத்த முடியாது. அசிட்டோன் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் ஒட்டவைத்துவிட்டுத் துடைத்தால் பிசுபிசுவென்று உரிந்து வரும். மொட்டைமாடியில் செய்யுங்கள், பக்கத்தில் விளக்கு, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. பெயர்த்தகட்டில் எழுத்து வெட்டாமல் பெயிண்டில் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது புளி. ஐந்து நிமிடம் போதும். ஊறப்போட்டால் புளியின் அமிலம் துத்தநாகத்தைத் தின்றுவிட்டு, செம்பு நிறம் திட்டுத்திட்டாக எட்டிப்பார்க்கும். பழைய பனியன் துணிதான் என் கட்சி. பச்சை நாரை வீட்டை விட்டே துரத்துங்கள். சபீனாவும் அப்படித்தான், பாத்திரத்துக்கு மட்டும்.

4. வெள்ளியாக இருந்தால்

வெள்ளி கறுக்கக் காரணம் காற்றில் இருக்கும் கந்தகம். அகலமான பேசினில் அலுமினியத் தாளை விரித்து, லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் ஆப்பசோடா போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். கழற்றிய கப்பு தாளைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். தொடாவிட்டால் ஒன்றும் நடக்காது. கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போகும். அழுகின முட்டை வாசனை லேசாக வரும், பயப்படாதீர்கள். அம்மா விபூதியால் தேய்ப்பார். கெட்டி வெள்ளிக்கு அதுவும் நல்ல வழிதான். முலாமுக்கு வேண்டாம்.

5. மறுபடி கறுக்காமல் இருக்க

கழுவியதும் ஹேர்டிரையரால் ஈரத்தைப் போக்கி, தேய்க்கும் பொடி கலக்காத கார் வாக்ஸை மெலிதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள், தூசியைத்தான் சேர்க்கும். அப்புறம் வெறுங்கையால் தொடக் கூடாது, வியர்வை உப்பு ரேகையாகவே பதிந்துவிடும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, கட்டாதீர்கள். ஷோகேஸுக்குள் நான்கைந்து சாக்பீஸ் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் பிளாஸ்டிக் கப்பைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்துவிட்டு, வெள்ளைத் திட்டு வந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். ஒன்றும் செய்ய முடியாது, மன்னிக்கவும். இன்னொருவர் பளிங்குப் பீடத்தைக் கழற்றாமலே புளி போட்டு, பளிங்கில் சொட்டிய இடமெல்லாம் மங்கிவிட்டது என்றார். புளியோ எலுமிச்சையோ, அமிலம் பட்டால் பளிங்கு அரித்துவிடும்; துடைத்தால் போகாது, மெருகு போடுகிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கப்பிலும் அப்படி ஒரு சொட்டு இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன்.