சர்க்கரையைப் பார்த்துக் காசநோயைக் கோட்டை விடாதீர்கள்

சர்க்கரை நோயாளி ஒருவர் திடீரென இளைத்தால் வீட்டில் எல்லோரும் சொல்வது, "சுகர் ஏறியிருக்கும்." பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடுகிறது, ஆபத்தே அதில்தான். இளைப்பும் அசதியும் காசநோய்க்கும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் சேர்ந்தாலோ, சர்க்கரை மாத்திரையைக் கூட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எக்ஸ்ரே மட்டும் போதாது. நுரையீரலின் மேற்பகுதியில் தெரிய வேண்டிய பாதிப்பு இவர்களில் சிலருக்குக் கீழ்ப்பகுதியில் தெரியும். நிமோனியா என்று நினைத்துவிடுவது எளிது.

மறுபக்கத் தவறும் உண்டு. 2012இல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றில், காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஆகவே காசநோய் உறுதியானதும் இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது கட்டாயம். ஒருமுறை பார்த்ததோடு விடவும் கூடாது. தொற்றே சர்க்கரையை ஏற்றும்; சிகிச்சையில் சிலருக்கு இறங்கிவிடும்.

அதிகம் பேசப்படாதது மருந்துகளின் மோதல். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. பழைய அளவிலேயே விழுங்கினால் சர்க்கரை எகிறும். "காசநோய் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. மாற்ற வேண்டியது சர்க்கரை மருந்தை. சிலருக்குக் கொஞ்ச காலம் இன்சுலின் தேவைப்படும். அதேபோல, இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிட் கால் மரத்துப்போகச் செய்யலாம். அதையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்! பி6 வைட்டமின் மாத்திரை தருவது அதைத் தடுக்கத்தான். இரண்டு மருத்துவரிடம் போகிறவர்கள் இரண்டு சீட்டுகளையும் இருவரிடமும் காட்டட்டும்.

சாப்பாட்டிலும் குழப்பம். சர்க்கரைக்குப் பயந்து வயிற்றைக் காயப்போட்டால் காசநோய்க்குக் கொண்டாட்டம். குறைக்க வேண்டியது சோற்றின் அளவை. முட்டை, மீன், பயறு, நிலக்கடலையைக் கூட்ட வேண்டும். காசநோயாளிகளின் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். அதைக் கேட்டு வாங்கக் கூச்சம் எதற்கு?

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்றால் குழந்தைகளைப் பரிசோதிக்க அழைத்துப் போகிறார்கள், நல்லது. பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பாட்டியையும் கூடவே அழைத்துப் போங்கள்.