புரோகிராம் திறக்கவில்லையா? அன்இன்ஸ்டால் செய்ய அவசரப்படாதீர்கள்

விண்டோஸில் டபுள் கிளிக் செய்தும் புரோகிராம் திறக்கவில்லை என்றால், பலரும் மறுபடி மறுபடி கிளிக் செய்வார்கள். முதலில் திறந்ததே பின்னணியில் தொங்கிக்கொண்டிருந்தால், சில புரோகிராம்கள் இரண்டாம் முறை திறக்கவே திறக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் 'டீடெயில்ஸ்' பகுதியில் அதன் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'எண்ட் டாஸ்க்' கொடுத்துவிட்டு ஒரே ஒரு முறை திறந்து பாருங்கள்.

'விசிரன்டைம்140 டிஎல்எல் காணவில்லை' என்று, அதாவது புரோகிராம் ஓடத் தேவையான ஒரு துணைக் கோப்பு இல்லை என்று, செய்தி வந்தால் நடப்பது இன்னும் மோசம். ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டுவிடுகிறார்கள். கூடவே வைரஸும் வரலாம் என்பது ஒருபுறம். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்பது 64 பிட் கோப்புகளின் இடம். 32 பிட் கோப்புகள் இருப்பதோ சிஸ்வாவ்64 ஃபோல்டரில். பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்! இரண்டும் இடம் மாறினால், '7பி' என்று முடியும் பிழை எண் வந்து நிற்கும். காணாமல் போன அந்தக் கோப்பு அடங்கிய விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள். கணினி 64 பிட்டாக இருந்தாலும், 32 பிட் புரோகிராமுக்கு எக்ஸ்86 தொகுப்புதான் வேண்டும்.

ஜிப் கோப்பை விரிக்காமல் உள்ளிருந்தே ஓட்டினாலும் இதே 'காணவில்லை' செய்தி வரும். பக்கத்தில் இருக்க வேண்டிய துணைக் கோப்புகள் ஜிப்புக்குள்ளேயே தங்கிவிடுவதுதான் காரணம். முதலில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்'.

அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டும் அதே கதையா? பல புரோகிராம்களின் செட்டிங்ஸ் ஆப்டேட்டா ஃபோல்டரில் அப்படியே தங்கிவிடும்; கெட்டுப்போனது அதுவாக இருந்தால் எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. அங்கே அந்தப் புரோகிராமின் ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் பழைய பெயரையே வைத்துவிடலாம்.

ஆன்ட்டிவைரஸை மொத்தமாக அணைப்பதும் வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' பார்த்தாலே, எந்தக் கோப்பைத் தடுத்தது என்று தெரிந்துவிடும்.

செய்தியே வராமல் புரோகிராம் மூடிக்கொண்டால், விண்டோஸ் குறித்துவைக்கும் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', அதில் 'அப்ளிகேஷன்' போங்கள். புரோகிராம் மூடிய நேரத்தில் 1000 என்ற எண்ணுடன் சிவப்புக் குறி இருந்தால், 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்ற வரியைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரின் கோப்புப் பெயர் அங்கே இருந்தால், புரோகிராமை விட்டுவிட்டு முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள்.