மருத்துவமனைக்கு நகரத்தின் பங்கு: ஒன்ராறியோவில் கணக்கு பிழைக்கும் இடங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் புதிய மருத்துவமனை வந்தால் கட்டுமானச் செலவில் 90 சதவீதம் வரை மாகாண அரசு தரும், மீதி ஊரின் பொறுப்பு. இதைக் கேட்டதும் "பத்தில் ஒன்றுதானே" என்று கணக்கை மூடிவிடுவதுதான் பெரிய தவறு. அந்த 90 சதவீதம், அரசு ஏற்றுக்கொள்ளும் கட்டுமானச் செலவுக்கு மட்டுமே. நோயாளர் கட்டில், ஸ்கேன் இயந்திரம் போன்ற தளவாடங்கள் பெரும்பாலும் முழுக்க ஊரின் தலையில் விழும். வாகனத் தரிப்பிடமும் சிற்றுண்டிச்சாலையும் அப்படித்தான். 500 மில்லியன் டாலர் கட்டடத்துக்குள் 100 மில்லியன் டாலர் கருவிகள் போகின்றன என்று வையுங்கள்: ஊர்ப்பங்கு 50 மில்லியன் அல்ல, 150 மில்லியன். மொத்தச் செலவில் கால்வாசி! எந்தெந்தச் செலவு எந்தப் பக்கம் சேரும் என்ற பட்டியலை மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்காமல் நகரசபை ஒரு தொகையையும் அறிவிக்கக் கூடாது.

ஊர்ப்பங்கு முழுவதையும் நகரமே கொடுப்பதில்லை. பேர்லிங்டனில் ஜோசப் பிராண்ட் மருத்துவமனைக்கு நகரம் 60 மில்லியன் டாலரும் மருத்துவமனை அறக்கட்டளை 60 மில்லியன் டாலரும் பொறுப்பேற்றன. இங்கே கவனிக்க வேண்டியது, அறக்கட்டளைக்கு வரும் பெரிய நன்கொடைகள் பல வாக்குறுதிகளாகவே வரும். காசு ஐந்து ஆண்டில் தவணை தவணையாகச் சேரும். கட்டடம் முடிந்து கையளிக்கும் நாளிலோ பெருந்தொகை கைக்காசாக வேண்டும். அந்த இடைவெளிக்கு யார் கடன் வாங்குவது, வட்டி யார் கட்டுவது என்று பேசி வைக்காவிட்டால், அவசரத்தில் நகரத்தின் கதவைத்தான் தட்டுவார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை: "புதுவீடுகள் பெருகுவதால்தானே மருத்துவமனை தேவைப்படுகிறது, வீடு கட்டும் நிறுவனங்களிடம் வாங்கும் வளர்ச்சிக் கட்டணத்தில் கொடுத்துவிடலாம்." நியாயமாகத் தோன்றும், ஆனால் சட்டம் இடம் தராது. 1997ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டணச் சட்டம் மருத்துவமனையை வெளியே நிறுத்திவிட்டது. கடைசியில் சொத்துவரிதான் கை கொடுக்க வேண்டும்.

அதற்கான தனிவரியைப் பிந்தித் தொடங்குவது மிகவும் வலிக்கும் பிழை. ஆண்டுக்கு 200 மில்லியன் டாலர் சொத்துவரி திரட்டும் நகரத்தில் 1 சதவீதம் என்பது 2 மில்லியன்தான். அதை மட்டும் வைத்து 60 மில்லியன் சேர்க்க 30 ஆண்டு ஆகும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒவ்வொரு சதவீதமாக உயர்த்தி அப்படியே வைத்தால் 2, 4, 6 மில்லியன் என்று ஏறி 11 ஆண்டில் சேரும். அதற்குள் விலையும் சும்மா இருக்காது: ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் இன்றைய 60 மில்லியன் ஏழே ஆண்டில் 84 மில்லியனைத் தாண்டும். வின்ட்சரும் எசெக்ஸ் கவுண்டியும் சேர்ந்து 200 மில்லியன் டாலருக்கான வரியை, கட்டுமானம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2016இல் ஆரம்பித்தது இதனால்தான் சரியான முடிவு என்போம்.

வரியை மக்களிடம் விளக்கும்போதும் இடறுவார்கள். "3 சதவீதம்" என்றால் வரிச்சீட்டின் அடியில் இருக்கும் மொத்தத்தில் 3 சதவீதம் என்றே வீட்டுக்காரர் நினைப்பார். அந்தச் சீட்டில் பள்ளிக்கல்வி வரியும், சில ஊர்களில் பிராந்திய வரியும் சேர்ந்தே இருக்கும். நகரத்தின் பகுதி 2,000 டாலர் என்றால் கூடுவது 60 டாலர். அதை டாலரிலேயே, சீட்டில் தனியாக அச்சிட்டுக் காட்டுங்கள். சேரும் பணத்தைப் பொதுநிதியில் கலக்காமல் மருத்துவமனைக்கென்று தனி ஒதுக்குநிதியில் போட வேண்டும். கலந்துவிட்டால் அடுத்த பனிக்காலச் சாலைச் செலவு அதைத் தின்னும்.

கடன் வாங்கித் தரலாம் என்றால், தவணையும் வட்டியும் நகரத்தின் சொந்த வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மாகாண விதி. மருத்துவமனைக்காக அந்த இடத்தை நிரப்பிவிட்டால் பாலத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் கடன் வாங்க வழி இருக்காது.

ஒப்பந்தத்தில் உச்சத்தொகையை எழுதுங்கள், "தேவையான உதவி" என்று விடாதீர்கள். எந்தக் கட்டத்தில் எவ்வளவு தருவது, கட்டில்களின் எண்ணிக்கை குறைந்தால் தொகை எவ்வளவு குறையும், பணி தள்ளிப்போனால் சேர்ந்த வட்டி யாருக்கு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். தனிவரி நிற்கும் ஆண்டையும் வரியை விதிக்கும் தீர்மானத்திலேயே குறித்துவிடுங்கள்.