பேக்-மேன் ஆடக் கற்றுக்கொள்வது எப்படி: முதல் பலகையிலிருந்து தொடங்குவோருக்கான வழிகாட்டி

ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாத்தானி என்ற இளம் வடிவமைப்பாளரின் தலைமையில் உருவாகி, 1980ஆம் ஆண்டு மே மாதம் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்ட விளையாட்டு பேக்-மேன். புதிர்வழியில் இறைந்து கிடக்கும் புள்ளிகளை எல்லாம், நான்கு பேய்களிடம் சிக்காமல், மஞ்சள் வட்டமான பேக்-மேன் தின்று முடிக்க வேண்டும். முடித்தால் அடுத்த பலகை, அதாவது அடுத்த சுற்று. சுடுவதும் வெடிப்பதுமாக இருந்த, காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களுக்குப் பெண்களும் இணையர்களும் வர வேண்டும் என்பதற்காகவே, உண்பதை மையமாக வைத்து அதை அமைத்ததாக இவாத்தானி பலமுறை கூறியிருக்கிறார். அதே ஆண்டின் இறுதியில் மிட்வே நிறுவனம் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. அதன் பிறகு அந்த மஞ்சள் வட்டத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அதை முறையாக ஆடத் தெரிந்தவர்களும் குறைவுதான்.

காரணம் எளியது. பேய்கள் தம் விருப்பம்போல் அலைகின்றன என்று பெரும்பாலோர் நினைத்துக்கொண்டு, கண்ட பக்கம் ஓடுகிறார்கள். உண்மையில் நான்கு பேய்களும் எழுதிவைத்த விதிகளை இம்மி பிசகாமல் பின்பற்றுகின்றன. அந்த விதிகளைத் தெரிந்துகொண்டால் இது கைவேகத்தைவிடக் கணக்கைச் சோதிக்கும் புதிர் என்பது புரியும். ஆகவே இந்த வழிகாட்டியில் விதிகளைக் கற்கும் வரிசையிலேயே படிகள் அமைந்துள்ளன.

முதல் படி: சரியான பதிப்பைத் தேர்ந்தெடுத்தல்

இதைச் சாதாரணமாகக் கடந்துவிட வேண்டாம். வீட்டுக்கு வந்த பேக்-மேன் பதிப்புகள் அனைத்தும் ஒரே விளையாட்டு அல்ல. ஆர்கேட் விதிகளைப் படித்துவிட்டு வேறு விதிகளில் இயங்கும் பதிப்பில் பயிற்சி செய்தால் உழைப்பு வீணாகும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று, அட்டாரி 2600 என்ற வீட்டு வீடியோ கேம் இயந்திரத்துக்கு 1982இல் வெளிவந்த பதிப்பு. டாட் ஃபிரை என்ற ஒரே நிரலாளர் அதை எழுதினார். அவருக்குக் கிடைத்தது 4 கிலோபைட் கொள்ளளவு கொண்ட கேட்ரிட்ஜும், 128 பைட் மட்டுமே நினைவகம் கொண்ட இயந்திரமும். பேய்களைத் தனித்தனியாக ஒரே நேரத்தில் காட்ட வழியில்லாததால், திரையின் ஒவ்வொரு சட்டத்திலும் (ஃபிரேம்) ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றி வரைந்தார். அதனால் அவை மினுங்கிக்கொண்டே இருந்தன. புள்ளிகளுக்குப் பதிலாகக் கோடுகள், பழங்களுக்குப் பதிலாக ஒரு சிறு சதுரம், இடவலமாக இருக்க வேண்டிய சுரங்கப்பாதை மேலும் கீழுமாக. எழுபது இலட்சத்துக்கும் மேல் விற்ற பிறகும், விற்பனையைக் கடந்து பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டிருந்ததால் கேட்ரிட்ஜுகள் தேங்கின. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஃபிரையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. அந்த இயந்திரத்தில் அந்த இடத்துக்குள் பேய் துரத்தும் ஒரு விளையாட்டை அடைத்ததே பெரிய காரியம். ஆனால் கற்றுக்கொள்ள அது உதவாது.

அதே ஆண்டில் அட்டாரி 5200க்கு வந்த பதிப்பு ஆர்கேட்டுக்கு எவ்வளவோ நெருக்கமானது. 1984இல் நின்டெண்டோவின் வீட்டு இயந்திரமான ஃபேமிகாமுக்கு நாம்கோவே வெளியிட்ட பதிப்பும் நேர்த்தியானது. தொண்ணூறுகளில் நம் ஊர்களில் டிவி கேம் என்ற பெயரில் விற்ற ஃபேமிகாம் நகல்களின் மஞ்சள் கேசட்டுகளில், பல விளையாட்டுகளோடு சேர்ந்து வந்தது பெரும்பாலும் இந்தப் பதிப்புதான். ஆனால் ஆர்கேட் திரை நெடுக்காக நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சித் திரையோ அகலவாட்டில் கிடப்பது. எனவே ஃபேமிகாமில் மதிப்பெண்களைப் பக்கவாட்டுக்குத் தள்ளி, புதிர்வழியைச் சுருக்க வேண்டியதாயிற்று.

தொடங்குவோருக்கு என் பரிந்துரை, ஆர்கேட் ஆட்டத்துக்கு மிக நெருக்கமான தொகுப்புகள்: 1995இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த நாம்கோ மியூசியம் முதல் தொகுதி அல்லது 2022இல் வெளிவந்த பேக்-மேன் மியூசியம் பிளஸ். செலவில்லாமல் சுவை பார்க்க வேண்டுமானால், முப்பதாம் ஆண்டையொட்டி 2010 மே மாதம் கூகுள் தன் முகப்பில் வைத்த சிறு பேக்-மேன் போதும். அதன் புதிர்வழி வேறு வடிவம் என்றாலும் பேய்களின் குணத்தை அறிய உதவும்.

இரண்டாம் படி: பலகையையும் பிடியையும் பழகுதல்

பலகையில் 240 சிறிய புள்ளிகளும், நான்கு மூலைகளை ஒட்டி நான்கு சக்தி உருண்டைகளும் இருக்கின்றன. உருண்டையைத் தின்றால் சிறிது நேரம் பேய்களையே பிடித்துத் தின்னலாம். சிறு புள்ளிக்கு 10 மதிப்பெண், சக்தி உருண்டைக்கு 50. நடுவில் இருப்பது பேய்களின் கூடு. அதற்கு நேர் கீழே பேக்-மேன் தொடங்குகிறார். இடப்புறமும் வலப்புறமும் உள்ள திறப்புகள் ஒரே சுரங்கப்பாதையின் இரு வாய்கள்.

ஆர்கேட் பெட்டியில் பொத்தான் அடிக்கும் வேலை ஆட்டத்தின் நடுவே கிடையாது. நான்கு திசை ஜாய்ஸ்டிக் ஒன்றே கருவி. ஆகவே வீட்டில் ஆடும்போது கைப்பிடியில் உள்ள திசைப்பலகை (D-pad) அல்லது விசைப்பலகையின் அம்புக்குறிகளைப் பயன்படுத்துங்கள். கைபேசியில் விரலால் தேய்த்து ஆடுவது எனக்குச் சரிப்பட்டதில்லை. முதலில் பழக வேண்டியது ஒன்றே ஒன்று: சந்தியை அடைந்த பிறகு திசையை அழுத்தாமல், அடைவதற்குச் சற்று முன்பே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பேக்-மேன் மூலையைச் சற்றே சாய்வாக வெட்டித் திரும்புவார். பேய்களுக்கு இந்த வசதி இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவை சற்றுப் பின்தங்கும். துரத்தும் பேயை நேர்ப்பாதையில் ஓடித் தப்புவதைவிட, வளைவுகள் நிறைந்த பகுதியில் அலைக்கழித்துத் தப்புவது எளிது என்பதன் காரணம் இதுவே.

வேகக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் பலகையில் வெறும் பாதையில் பேக்-மேன் பேயைவிடச் சற்று வேகமாக ஓடுவார். ஆனால் ஒவ்வொரு புள்ளியை விழுங்கும்போதும் திரையின் ஒரு சட்டத்து நேரம் நின்று செல்வதால், புள்ளிகள் நிறைந்த பாதையில் பேயைவிட மெதுவாகிவிடுவார். பேய் பின்னால் வரும்போது ஏற்கெனவே தின்று முடித்த பாதையில் ஓடுங்கள். சுரங்கப்பாதைக்குள் பேய்களின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பேக்-மேனுக்கு அங்கே எந்தக் குறைவும் இல்லை.

மூன்றாம் படி: நான்கு பேய்களைப் பிரித்தறிதல்

பலகை கண்ணுக்குத் தெரியாத சிறு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பேயும் ஓர் இலக்குக் கட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நகர்கிறது. சந்தி வந்ததும், இலக்குக்கு நேர்க்கோட்டுத் தொலைவில் எந்தப் பக்கம் அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்புகிறது. தானாக வந்த வழியே திரும்புவதில்லை. நான்குக்கும் உள்ள வேறுபாடு இலக்கு எது என்பதில் மட்டுமே.

சிவப்புப் பேயான பிளிங்கிக்கு இலக்கு நீங்கள் நிற்கும் கட்டமே. அதனால் அது எப்போதும் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

இளஞ்சிவப்புப் பேயான பிங்கி, நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னே உள்ள இடத்தைக் குறிவைக்கிறது. கட்டவிழ்ந்த மாட்டை மடக்கும்போது ஒருவர் பின்னால் விரட்ட மற்றொருவர் முன்னால் போய் நிற்பதைப் போல, பிளிங்கியும் பிங்கியும் சேர்ந்தே உங்களை அடைக்கும். ஆனால் பிங்கியின் அறிவே அதன் பலவீனம். அது எதிரே வரும்போது பயந்து திரும்பாமல் நீங்களும் அதை நோக்கியே சென்றால், இடைவெளி நான்கு கட்டத்துக்குள் குறைந்ததும் அதன் இலக்கு அதற்குப் பின்னால் போய்விடும். இடையில் ஒரு கிளைப்பாதை இருந்தால், அந்த இலக்கைத் தேடி அது பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பிவிடும். முதலில் நம்புவது கடினம். கையில் உயிர்கள் மிச்சமிருக்கும்போது வேண்டுமென்றே செய்து பாருங்கள். இன்னொன்று: நீங்கள் மேல்நோக்கிச் செல்லும்போது மட்டும், நிரலில் உள்ள ஒரு கூட்டல் பிழையால், பிங்கியின் இலக்கு நான்கு கட்டம் மேலே செல்வதோடு நான்கு கட்டம் இடப்புறமாகவும் விலகிவிடுகிறது.

நீலப்பச்சை நிறத்து இங்கிதான் கணிக்கக் கடினமானது. உங்களுக்கு இரண்டு கட்டம் முன்னே உள்ள புள்ளியை எடுத்து, பிளிங்கி நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வரை ஒரு கோடு இழுத்து, அதை அதே திசையில் இரட்டிப்பாக நீட்டினால் கிடைக்கும் இடமே அதன் இலக்கு. பிளிங்கி தொலைவில் இருக்கும்வரை இங்கியும் எங்கோ திரியும். பிளிங்கி நெருங்க நெருங்க இங்கியும் நெருங்கும். தொடங்குவோர் நினைவில் கொள்ள வேண்டியது இவ்வளவே: பிளிங்கி உங்களை ஒட்டி வருகிறது என்றால் இங்கியும் அருகில்தான் வந்து சேரும்.

ஆரஞ்சுப் பேயான கிளைட், எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை பிளிங்கியைப் போலவே துரத்தி, அதற்குள் நெருங்கியதும் மனம் மாறித் தன் இடக்கீழ் மூலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் அந்த மூலையில் நிற்காதவரை அதனால் தொல்லை குறைவு.

நான்காம் படி: துரத்தும் நேரமும் ஓய்வு நேரமும்

பேய்கள் இடைவிடாமல் துரத்துவதில்லை. முதல் பலகையில் அவை 7 விநாடி தத்தம் மூலைகளுக்குச் சென்று சுற்றும். பின்பு 20 விநாடி துரத்தும். மீண்டும் 7, மீண்டும் 20. அதன்பின் 5, 20, 5 என்று முடிந்து, அதற்கு மேல் ஓய்வே இல்லாத துரத்தல்தான். பிளிங்கிக்கு வலமேல் மூலை, பிங்கிக்கு இடமேல் மூலை, இங்கிக்கு வலக்கீழ் மூலை, கிளைடுக்கு இடக்கீழ் மூலை. நிலை மாறும் நொடியில் பேய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்த வழியே திரும்பும். கடிகாரம் பார்க்காமலே மாற்றத்தை அறிய இந்த அடையாளம் போதும்.

இதிலிருந்து ஒரு தொடக்கத் திட்டம் தானாகக் கிடைக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது பிளிங்கி வெளியே இருக்கும். பிங்கி உடனே வரும். இங்கி 30 புள்ளிகள் தின்னப்பட்ட பிறகே வெளிவரும். கிளைட் அதற்கும் 60 புள்ளிகள் கழித்து. முதல் இரண்டும் மேல் மூலைகளுக்குப் போவதால், தொடக்கத்தில் பலகையின் கீழ்ப்பாதி உங்களுடையது. அங்கே உள்ள நீண்ட பாதைகளை முதலில் தின்று முடியுங்கள். சக்தி உருண்டைகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சக்தி உருண்டையை எப்போது தின்பது

மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். ஒரு பலகையின் புள்ளிகளும் உருண்டைகளும் மொத்தமாக 2,600 மதிப்பெண் தருகின்றன. ஓர் உருண்டையைத் தின்றபின் அடுத்தடுத்துப் பிடிபடும் பேய்களோ 200, 400, 800, 1,600 என்று 3,000 தருகின்றன. நான்கு உருண்டைகளிலும் நான்கு பேய்களையும் பிடித்தால் 12,000. வழக்கமான அமைப்பில் 10,000 மதிப்பெண்ணில் ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், இது பேராசைக் கணக்கு அன்று. பழங்களைப் பற்றி முதல் பலகையில் கவலை வேண்டாம். 70 புள்ளிகளுக்குப் பின் ஒன்றும் 170 புள்ளிகளுக்குப் பின் ஒன்றுமாகக் கூட்டின் கீழே தோன்றும் செர்ரிக்கு 100 மதிப்பெண்தான்.

எனவே உருண்டைக்கு அருகே உள்ள பாதையில் காத்திருந்து, குறைந்தது இரண்டு பேய்களாவது நெருங்கிய பிறகு அதை விழுங்குங்கள். விழுங்கியதும் பேய்கள் நீலமாகி, திசை திரும்பி, வேகம் குறைந்து ஓடும். முதல் பலகையில் இந்த நிலை 6 விநாடி நீடிக்கும். முடியும் தறுவாயில் அவை வெள்ளையும் நீலமுமாக மினுங்கும். மினுங்கத் தொடங்கிய பேயைத் தொலைவிலிருந்து துரத்திப் போவது வேண்டாத வேலை.

ஆறாம் படி: கடைசிப் புள்ளிகள்

பலகையை ஏறக்குறைய முடித்துவிட்ட நிலையில்தான் புதியவர்கள் அதிகமாகச் சாகிறார்கள். அதற்கும் விதி இருக்கிறது. முதல் பலகையில் 20 புள்ளிகள் மிச்சமிருக்கும்போது பிளிங்கியின் வேகம் உங்கள் வேகத்துக்குச் சமமாகும். 10 மிச்சமிருக்கும்போது உங்களை மிஞ்சும். இருபது மிச்சமானதிலிருந்தே ஓய்வு நேரத்திலும் அது மூலைக்குப் போகாமல் துரத்தும். ஆகவே புள்ளிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுவைக்காமல், கடைசி இருபதும் ஒரே பகுதியில் தொடர்ச்சியாக இருக்கும்படி திட்டமிட வேண்டும். அந்தப் பகுதியை ஒட்டி ஒரு சக்தி உருண்டையும் மிச்சமிருந்தால் இன்னும் நல்லது.

ஏழாம் படி: ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப ஓடுதல்

நீலப் பேய்கள் மட்டுமே சந்திகளில் குத்துமதிப்பாகத் திரும்புகின்றன. அந்தக் குத்துமதிப்புக்கான எண்ணும் ஒவ்வொரு பலகையின் தொடக்கத்திலும், ஒவ்வோர் உயிர் போன பிறகும் பழைய மதிப்புக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே ஒரே திருப்பங்களை ஒரே நேரத்தில் நீங்கள் செய்தால், பேய்களும் அச்சுப்பிசகாமல் அதையே செய்யும். 1982 வாக்கில் அமெரிக்காவில் இத்தகைய பாதைகளை வரைபடமாக அச்சிட்ட புத்தகங்களே விற்றன. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, மேலே சொன்ன ஆறு படிகளையும் கொண்டு முதல் பலகைக்கு நீங்களே ஒரு பாதையை வகுத்து, அது எங்கே முறிகிறதோ அந்தச் சந்தியை மட்டும் திருத்திக்கொண்டே போவதைப் பரிந்துரைப்பேன். எந்தப் பேய் எந்த விதிப்படி அங்கே வந்தது என்ற கேள்விக்கு விடை தெரிந்தால் திருத்தமும் தெரிந்துவிடும்.

முதல் பலகை கைவந்த பிறகு இரண்டாவதில் பேய்களின் நீல நேரம் 5 விநாடி, மூன்றாவதில் 4, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2 என்று குறைகிறது. இடையில் சில பலகைகளில் கூடினாலும், பத்தொன்பதாவதிலிருந்து பேய்கள் நீலமாவதே இல்லை, திசை மட்டும் திரும்பும். இருபத்தோராவது பலகையிலிருந்து பேக்-மேனின் வேகமும் பேய்களைவிடக் குறைந்துவிடும். அங்கே பாதையை மனப்பாடமாக ஓடத் தெரியாமல் தாக்குப்பிடிப்பது மிகக் கடினம். மாறாக, மனப்பாடமே உதவாத ஆட்டத்தை விரும்புவோர் 1982இல் வந்த மிஸ் பேக்-மேனுக்கு மாறலாம். அதில் நான்கு வகைப் புதிர்வழிகள் உண்டு, பழங்கள் நடமாடும், ஒவ்வொரு பலகையின் தொடக்கத்திலும் சிவப்பு, இளஞ்சிவப்புப் பேய்கள் மூலைக்குப் போகாமல் கணிக்க முடியாதபடி திரியும். அதன் அட்டாரி 2600 பதிப்புகூட, முன்னே சொன்ன பேக்-மேன் பதிப்பைவிட வெகுவாகத் தேறியது.