மூலநிரலை மடித்துத் தைத்த புத்தகமாக அச்சிடுவது எப்படி?

அச்சிடும்போது ‘ஒரு தாளில் 2 பக்கம்’ என்று கொடுத்தாலே புத்தகம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. 1, 2 இரண்டும் அருகருகே விழும், மடித்ததும் வரிசை குலைந்துபோகும். மடித்துத் தைக்கும் புத்தகத்துக்குப் பக்கங்களைக் கலைத்து அடுக்க வேண்டும். 8 பக்கம் என்றால் முதல் தாளின் முன்புறம் 8, 1. பின்புறம் 2, 7. இரண்டாம் தாளின் முன்புறம் 6, 3. பின்புறம் 4, 5. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9 வரும், அதாவது மொத்தப் பக்கத்தோடு ஒன்று. அடுக்கியது சரிதானா என்று தாளை வீணாக்காமல் பார்க்க இந்தக் கணக்கு போதும்.

தேவையானவை இரண்டு கட்டற்ற மென்பொருள்கள்: நிரலை அச்சுக்கு அனுப்ப ‘ஜீனி’ எடிட்டர், பக்கங்களை அடுக்க ‘பிடிஎஃப் அரேஞ்சர்’. இரண்டும் டெபியன், உபுண்டு லினக்ஸ்களின் மென்பொருள் களஞ்சியங்களிலேயே இருக்கின்றன, விண்டோஸிலும் ஓடும்.

படி 1: எழுத்தின் அளவு

பெரும்பாலான புத்தகங்கள் கெடுவது இங்கேதான். ஏ4 தாளை மடித்தால் கிடைப்பது ஏ5, அகலம் 148 மி.மீ. நிரலுக்குப் பயன்படும் சம அகல எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் அகலம், அதன் பாயின்ட் அளவில் ஏறக்குறைய 0.6 பங்கு. 10 பாயின்ட்டில் ஓர் எழுத்து 2.1 மி.மீ. பிடிக்கும். ஓரங்கள் போக 124 மி.மீ. மிஞ்சினால் வரிக்கு 58 எழுத்துதான். பைத்தான் நிரல்மொழியின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 ஒரு வரிக்கு 79 எழுத்துவரை அனுமதிக்கிறது. அப்படி எழுதிய நிரலில் நீண்ட வரிகளெல்லாம் உடைந்து, உள்தள்ளலே (வரித் தொடக்கத்தில் விடும் இடம்) புரியாமல் போகும்.

7 பாயின்ட் வைத்தால் ஓர் எழுத்து 1.48 மி.மீ. வரி எண்ணுக்கு 5 இடம் சேர்த்து 85 எழுத்துக்கு 126 மி.மீ. ஆகும், ஓரங்களைச் சற்றே குறைத்தால் ஏ5-இல் அடங்கிவிடும். வரி எண் வேண்டாம் என்றால் 7.5 பாயின்ட் வைக்கலாம். ஆனால் வரி எண் இல்லாத நிரல் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருவர் விவாதிக்க முடியாது, அதனால் எண்ணை விட வேண்டாம்.

ஜீனியில் ‘வியூ’ பட்டியலில் ‘சேஞ்ச் ஃபான்ட்’ போய் அளவை மாற்றுங்கள். திரையில் தெரிவது ஏறக்குறைய அப்படியே அச்சில் வரும். எனவே கறுப்புப் பின்னணித் தீம் வைத்திருப்பவர்கள் வெளிர் தீமுக்கு மாறிக்கொள்வது நல்லது.

நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் 7 பாயின்ட்டில் ‘ண’, ‘ன’ சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். ஏ2பிஎஸ், என்ஸ்கிரிப்ட் போன்ற பழைய கட்டளைவரிக் கருவிகள் யூனிகோடைப் புரிந்துகொள்வதில்லை. அவற்றில் தமிழ் குப்பையாகத்தான் வரும்.

படி 2: பிடிஎஃப் ஆக்குதல்

ஜீனியில் ‘ஃபைல்’, ‘பிரிண்ட்’. அச்சுப்பொறிக்குப் பதிலாக ‘பிரிண்ட் டு ஃபைல்’ எடுத்து பிடிஎஃப் என்று கொடுங்கள். தாள் அளவு ஏ5, நெடுவாக்கு. வரி எண், பக்கத் தலைப்பு இரண்டையும் இயக்குங்கள். ஜீனி ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் அச்சிடும், ஒவ்வொரு கோப்புக்கும் பக்க எண் 1-இலிருந்து தொடங்கும். கோப்புப் பெயர் தலைப்பில் இல்லாவிட்டால் தைத்த பிறகு எது எந்தக் கோப்பு என்று தேட வேண்டியிருக்கும்.

பக்கத்துக்கு 60 வரி என்று வைத்தால் 1000 வரி நிரலுக்கு 17 பக்கம். நான்கின் மடங்காக்கினால் 20 பக்கம், அதாவது 5 தாள்.

படி 3: அடுக்குதல்

எல்லா பிடிஎஃப்களையும் பிடிஎஃப் அரேஞ்சரில் திறந்து, இழுத்து வரிசைப்படுத்துங்கள். நடுவில் ஒரே ஒரு ஏ4 பக்கம் கலந்திருந்தாலும் அந்தத் தாள் அளவு மாறி நிற்கும். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ‘எடிட்’ பட்டியலில் ‘ஜெனரேட் புக்லெட்’. மிகப் பழைய பதிப்புகளில் இது இருக்காது. குறையும் வெற்றுப் பக்கங்களை அதுவே கடைசியில் சேர்த்துவிடும். அட்டைக்குப் பின்புறம் காலியாக இருக்க வேண்டுமென்றால், இதற்கு முன்பே அங்கே ஒரு வெற்றுப் பக்கத்தை நுழைத்துவிடுங்கள். புதிய பெயரில் சேமிக்கவும்.

நிரல் அல்லாத ஆவணத்துக்கு இந்தச் சுற்று தேவையில்லை. லிப்ரெஆபிஸ் ரைட்டரில் பக்கத்தை ஏ5 ஆக்கி, அச்சு உரையாடலில் ‘புரோஷர்’ தேர்ந்தெடுத்தால் அதுவே அடுக்கிக்கொள்ளும். ஏ4 பக்கத்தை அப்படியே கொடுத்தால் 71 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயின்ட் எழுத்து எட்டரை ஆகிவிடும்.

படி 4: அச்சு

தாள் ஏ4, அளவு 100 சதவீதம். இருபுற அச்சில் ‘ஷார்ட் எட்ஜ்’ (குறுகிய விளிம்பில் திருப்புவது) தேர்ந்தெடுங்கள். ‘லாங் எட்ஜ்’ கொடுத்தால் பின்புறம் தலைகீழாக விழும். சில அச்சுப்பொறி மென்பொருள்கள் கிடைவாக்குப் பக்கத்தைத் தாமே திருப்பிவிடுவதால் இது மாறியும் நடக்கலாம், அதனால் முதல் தாளை மட்டும் அச்சிட்டு மடித்துப் பாருங்கள்.

இருபுறம் தானாக அடிக்காத பொறி என்றால் முதலில் ஒற்றைப்படைப் பக்கங்கள், பிறகு தாள்களைத் திருப்பி வைத்து இரட்டைப்படை. எந்தப் பக்கமாகத் திருப்புவது என்பது பொறிக்குப் பொறி வேறு. ஒரு தாளின் மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். லேசர் பொறியில் சூட்டோடு சுருண்ட தாளை உடனே திரும்பச் செருகினால் சிக்கிக்கொள்ளும். சில நிமிடம் ஆறவிடுங்கள்.

படி 5: தைத்தல்

80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். 15 தாளை ஒன்றாக மடித்தால் உள் தாள் ஒன்றரை மி.மீ. அளவுக்கு வெளியே துருத்தும். அதற்கு மேல் போனால் இரண்டு பகுதிகளாக்கி, 3-ஆம் படியை ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்யுங்கள்.

சாதாரண ஸ்டேப்ளர் தாளின் நடுவுக்கு எட்டாது, 148 மி.மீ. உள்ளே போக வேண்டும். ஸ்டேப்ளரை முழுவதும் விரித்து, தெர்மோகோல் மேல் தாள்களை வைத்து அழுத்தி, பின்னின் கால்களைக் கையால் மடக்குங்கள். கையடக்க 10-ஆம் எண் பின் தடித்த கட்டைச் சரியாகப் பிடிக்காது.

அதைவிட நூல்தான் உறுதி. மடிப்பில் மூன்று துளை போடுங்கள். அரை மீட்டர் நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே விட்டு, மேல் துளையில் உள்ளே வந்து, உட்புறமாகவே இறங்கிக் கீழ்த் துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். உள்ளே ஓடும் நீள நூல் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கும்படி வைத்து முடிச்சிடுங்கள். துருத்தும் ஓரத்தை இரும்பு அளவுகோல் வைத்துக் கத்தியால் நறுக்குவது முடிச்சுக்குப் பிறகுதான், முன்பே நறுக்கினால் தைக்கும்போது தாள்கள் நகர்ந்து ஓரம் மறுபடி கோணலாகும்.